வெஸ்டர்ன் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்ல கௌபாய் படம் ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் எனக்குப் பேச்சு நிற்காது. கேட்பவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களையும் என் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எந்தப் படம் உயர்ந்தது என்பதெல்லாம் என் கருத்து. ஒத்துப்போகாதவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

வெஸ்டர்ன் என்றால் எந்த மாதிரிப் படம்?

பெரும்பாலும் அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே, 1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்ததற்கும் 1890-க்கும் இடைப்பட்ட கால் நூற்றாண்டில் நடக்கும் கதைகள். ரயில் பாதை மேற்கே நீண்டுகொண்டே போகிறது. டெக்ஸாஸிலிருந்து மாட்டு மந்தைகளை வாரக்கணக்கில் வடக்கே கான்சஸ் ரயில் நிலையங்களுக்கு ஓட்டிப் போகிறார்கள். 1874-ல் காப்புரிமை வாங்கிய முள்கம்பி, திறந்து கிடந்த மேய்ச்சல் நிலத்தைக் கூறுபோடுகிறது. காலங்காலமாக அங்கே வாழ்ந்த பூர்வகுடி மக்களைப் பட்டாளம் விரட்டுகிறது. 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு, குடியேற்றத்தின் எல்லைக்கோடு என்று இனி ஒன்றும் கிடையாது என்று அரசே சொல்லிவிட்டது.

அதற்கு 13 வருடம் கழித்து, 1903-லேயே 'தி கிரேட் டிரெயின் ராபரி' என்ற சுமார் 12 நிமிடப் படம் வந்துவிட்டது. ஒரு கொள்ளைக்காரன் கேமராவை நேராகப் பார்த்துச் சுடும் காட்சி அதில்தான் இருக்கிறது. அந்தக் காலத்து ஆட்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களைப் பற்றிய படங்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. புகழ்பெற்ற சட்ட அதிகாரி வயாட் அர்ப் 1929-ல், சினிமாவின் தலைநகரமாகிவிட்ட லாஸ் ஏஞ்சல்ஸில்தான் காலமானார்.

இடமும் காலமும் இருக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சட்டம் இன்னும் வந்து சேராத ஊரில் சட்டத்தைக் கொண்டுவர ஒரு துப்பாக்கிக்காரன் தேவைப்படுகிறான். சட்டம் வந்த பிறகு அவனுக்கு அந்த ஊரில் இடமில்லை. நல்ல வெஸ்டர்ன்களில் பாதிக்கு மேல் இந்தச் சிக்கலைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கின்றன. அதனால்தான் அவை எனக்கு அலுப்பதில்லை.

ஒன்றுகூடப் பார்த்ததில்லை. எதிலிருந்து தொடங்குவது?

'ஹை நூன்' (1952). ஃபிரெட் ஸின்னெமன் இயக்கியது, 85 நிமிடம்தான். கதை நடக்கும் நேரமும் படம் ஓடும் நேரமும் ஏறக்குறைய ஒன்று.

ஊரின் காவல் அதிகாரியான மார்ஷல் வில் கேனுக்கு அன்று காலைதான் கல்யாணம். பதவியை விட்டுவிட்டுப் புது மனைவியோடு ஊரை விட்டுக் கிளம்பும் நேரத்தில், அவர் சிறைக்கு அனுப்பிய ஃபிராங்க் மில்லர் விடுதலையாகிப் பகல் 12 மணி ரயிலில் வருகிறான் என்று செய்தி வருகிறது. மில்லரின் ஆட்கள் மூன்று பேர் ஏற்கெனவே ஸ்டேஷனில் காத்திருக்கிறார்கள். கேன் வண்டியைத் திருப்புகிறார். துணைக்கு ஆள் தேடி ஊர் முழுக்க அலைகிறார். படத்தின் பெரும்பகுதி இந்த அலைச்சல்தான். நீதிபதி மூட்டை கட்டிக்கொண்டு ஓடுகிறார். நண்பர் ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, தான் இல்லை என்று மனைவியை விட்டுச் சொல்ல வைக்கிறார். தேவாலயத்தில் ஊர்ப் பெரியவர்கள் நியாயமாகவே விவாதிக்கிறார்கள். ஆளுக்கொரு நல்ல காரணம் சொல்லி, கடைசியில் யாரும் வருவதில்லை. எந்த ஊர்க் கூட்டத்திலும் உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி நன்றாகவே புரியும்.

மணி 12 அடிக்கப்போகும் அந்தக் கட்டத்தைக் கவனியுங்கள். கடிகாரத்தின் ஊசல், ஸ்டேஷனில் காத்திருப்பவர்கள், தேவாலயத்தில் தலைகுனிந்தவர்கள், மில்லர் தண்டனை கேட்டபோது உட்கார்ந்திருந்த காலி நாற்காலி என்று இசையின் தாளத்துக்கு ஒவ்வொன்றாக வெட்டி வெட்டிக் காட்டுகிறார்கள். அப்புறம் ரயில் ஊதுகிறது. இதன் எடிட்டிங்குக்கு ஆஸ்கர் கிடைத்தது. கேனாக நடித்த கேரி கூப்பருக்கும் கிடைத்தது. படப்பிடிப்பின்போது அவருக்கு 50 வயது. முகத்தில் தெரியும் களைப்பு வேடம் இல்லை.

'ஹை நூன்' அரசியல் படம் என்கிறார்களே?

ஆமாம். திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மன் ஒருகாலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். 1951-ல் படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு அவரை அழைத்தது. கூட இருந்தவர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்தார். ஹாலிவுட்டில் வேலை தரக் கூடாதவர்களின் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். ஊரே கைவிட்ட மனிதனின் கதையை, நண்பர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டிருந்த மனிதர் எழுதியிருக்கிறார்.

வெஸ்டர்ன்களின் பெரிய நாயகன் ஜான் வெய்ன் இந்தப் படத்தை அமெரிக்காவுக்கே எதிரானது என்று கடைசி வரை திட்டினார். ஆனால் 1953 ஆஸ்கர் விழாவுக்குக் கூப்பரால் வர முடியாதபோது, அவர் சார்பில் மேடையேறி விருதை வாங்கியவரும் அவரேதான். இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸுக்கும் படம் பிடிக்கவில்லை. வேலை தெரிந்த ஷெரிஃப் ஊராரிடம் உதவி கேட்டுத் திரிவானா என்பது அவர் கேள்வி. பதிலாக வெய்னை வைத்து 1959-ல் 'ரியோ பிராவோ' எடுத்தார். அதில் ஷெரிஃப் உதவி கேட்பதில்லை. ஒரு குடிகாரன், கால் ஊனமான ஒரு கிழவர், ஒரு இளைஞன் என்று மூன்று பேர் தாமாக வந்து நிற்கிறார்கள். படம் தொடங்கிச் சில நிமிடங்களுக்கு வசனமே இல்லை. குடிக்கக் காசில்லாமல் நிற்கும் டீன் மார்ட்டினைப் பார்த்து ஒருவன் நாணயத்தை எச்சில் படிக்கத்துக்குள் வீசுகிறான். மார்ட்டின் அதை எடுக்கக் குனிகிறார். ஒரு மனிதன் எவ்வளவு கீழே போய்விட்டான் என்பதை அந்தக் குனிதல் ஒன்றே சொல்லிவிடுகிறது. இரண்டு படங்களையும் அடுத்தடுத்த நாளில் பாருங்கள்.

கறுப்பு வெள்ளைப் படம் பார்க்கப் பொறுமை வருமா?

'ஸ்டேஜ்கோச்' (1939) பத்து நிமிடம் பாருங்கள். ஒரு குதிரை வண்டியில் ஒருவருக்கொருவர் ஒத்துவராத ஒன்பது பேர். அதற்குப் பிறகு நிறம் ஞாபகம் வராது. ஆர்சன் வெல்ஸ் தன் முதல் படத்தை எடுக்கும் முன் இதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துப் பாடம் படித்தார்.

ஜான் வெய்ன் நடித்ததில் ஒன்றே ஒன்று என்றால்?

'தி சர்ச்சர்ஸ்' (1956). ஜான் ஃபோர்டு இயக்கியது. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

போர் முடிந்து மூன்று வருடம் கழித்து, 1868-ல் ஈத்தன் எட்வர்ட்ஸ் டெக்ஸாஸில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கு வருகிறான். சில நாளில் கொமான்ச்சிகள் என்ற பூர்வகுடியினர் அந்தக் குடும்பத்தை அழித்துவிட்டுச் சிறுமி டெபியைத் தூக்கிப் போகிறார்கள். ஈத்தன் அவளைத் தேடுகிறான், வருடக்கணக்கில். போகப் போக நமக்கு ஒன்று புரிகிறது: அவன் தேடுவது அவளைக் காப்பாற்ற அல்ல. கொமான்ச்சிகளோடு வாழ்ந்துவிட்டவளைக் கொன்றுவிடத்தான். அமெரிக்காவின் அபிமான நாயகனை, வெறுப்பில் வெந்துகொண்டிருக்கும் மனிதனாக நடிக்க வைத்திருக்கிறார் ஃபோர்டு. வெய்னும் பின்வாங்காமல் நடித்திருக்கிறார். பிறகு பிறந்த ஒரு மகனுக்கு ஈத்தன் என்றே பெயர் வைத்தார்.

ஆரம்பத்தில் ஒரு சின்னக் காட்சி. ஈத்தன் கிளம்பப் போகிறான். அவனுடைய மேலங்கியை எடுத்துவர அறைக்குள் போன அண்ணி மார்த்தா, அதைக் கையில் வைத்து மெதுவாகத் தடவுகிறாள். முன்னறையில் நின்று காபி குடித்துக்கொண்டிருக்கும் பாதிரியார் அதைப் பார்த்துவிடுகிறார். உடனே பார்வையை நேரே வைத்துக்கொண்டு, எதையும் பார்க்காதவர்போலக் குடித்துக்கொண்டே நிற்கிறார். ஈத்தனுக்கும் மார்த்தாவுக்கும் நடுவே ஒருகாலத்தில் என்ன இருந்தது என்று படத்தில் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்த ஒரு தடவல்தான். அவன் வெறுப்பின் ஆழம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதுவே போதும்.

கதைக்கு மூலம் ஆலன் லே மேயின் நாவல். அதற்கும் பின்னால் உண்மைச் சம்பவங்கள் உண்டு. 1836-ல் டெக்ஸாஸில் சுமார் ஒன்பது வயதுச் சிறுமி சிந்தியா ஆன் பார்க்கரைக் கொமான்ச்சிகள் கொண்டுபோனார்கள். அவள் அப்பாவின் சகோதரர் வருடக்கணக்கில் தேடினார். அவள் கொமான்ச்சியாகவே வளர்ந்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், பிள்ளைகள் பெற்றாள். 24 வருடம் கழித்து 1860-ல் டெக்ஸாஸ் படை அவளை "மீட்டது". அவள் திரும்பி ஓட முயன்றாள். பிள்ளைகளைப் பிரிந்த துக்கத்திலேயே காலம் தள்ளி இறந்தாள். அவளுடைய மகன் குவானா பார்க்கர் பின்னாளில் கொமான்ச்சிகளின் பெரிய தலைவர். படம் இந்தப் பக்கத்தைத் தொடுவதே இல்லை. டெபிக்கு என்ன வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. இவ்வளவு பெரிய படத்தில் எனக்குள்ள பெரிய குறை அதுதான்.

ஒரு ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்காத படம் இது. 2008-ல் அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் இதைத்தான் எல்லாக் காலத்துக்குமான சிறந்த வெஸ்டர்ன் என்று தேர்ந்தெடுத்தது.

இத்தாலிக்காரர்கள் எப்படி கௌபாய் படம் எடுத்தார்கள்?

ஸ்பெயினில் எடுத்தார்கள். அல்மெரியா பக்கம் டபெர்னாஸ் பாலைநிலம் பார்க்க அரிசோனா, மெக்சிகோ எல்லை மாதிரியே இருக்கும், செலவும் குறைவு. செர்ஜியோ லியோனே 1964-ல் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' எடுத்தபோது கிளின்ட் ஈஸ்ட்வுட் வெறும் தொலைக்காட்சித் தொடர் நடிகர். கதை அகிரா குரோசாவாவின் 'யோஜிம்போ'விலிருந்து (1961) அனுமதியின்றி எடுத்தது. வழக்கு வந்தது, பணம் கொடுத்துச் சமரசம் செய்தார்கள், அமெரிக்காவில் படம் 1967-ல்தான் வெளியானது. குரோசாவாவே ஜான் ஃபோர்டின் ரசிகர் என்பதையும் நினைத்துப் பாருங்கள். கதைகள் அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்கும், ஜப்பானிலிருந்து இத்தாலிக்கும் போய்க்கொண்டிருந்தன. 'செவன் சாமுராய்' (1954) முறையாகவே 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' (1960) ஆனது.

லியோனேயின் மூன்றாவது டாலர் படமான 'தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி' (1966) பலருக்கு உயிர். சரியாகவே. கடைசிக் காட்சி நடக்கும் கல்லறைத் தோட்டம் நிஜமானது அல்ல. வட ஸ்பெயினில் புர்கோஸ் அருகே ஸ்பானிய ராணுவ வீரர்களை வைத்து ஆயிரக்கணக்கான பொய்க் கல்லறைகள் போட்டார்கள். பிறகு புல் மூடிப் போயிற்று. 2015-லிருந்து ரசிகர்கள் மண்வெட்டியோடு போய், வட்டமான கல்தளத்தைத் தோண்டி எடுத்து மீட்டிருக்கிறார்கள். படத்தின் மூன்று நாயகர்களில் ஒருவனான டூக்கோ அந்தக் கல்லறைகளுக்கு நடுவே ஒரு பெயரைத் தேடி வட்டமடித்து ஓடும்போது என்னியோ மோரிகோனேயின் இசை ஏறிக்கொண்டே போகும். அந்த மூன்று நிமிடத்துக்காக முழுப் படத்தையும் பார்க்கலாம். லியோனேவும் மோரிகோனேவும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' ரொம்ப மெதுவாகப் போகிறதே?

மெதுவாகப் போவதுதான் அதன் பலம். 1968-ல் வந்த இந்தப் படத்தின் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஆளில்லாத ஒரு ரயில் நிலையத்தில் நீண்ட அங்கி போட்ட மூன்று துப்பாக்கிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். இசை கிடையாது. காற்றாலை கிறீச்சிடுகிறது. மேலே இருந்து ஒருவனின் தலையில் தண்ணீர் சொட்டுகிறது. அவன் நகராமல் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொள்கிறான், சொட்டும் சத்தம் மாறுகிறது. இன்னொருவன் முகத்தில் ஒரு ஈ ஊர்கிறது. அவன் அதைத் துப்பாக்கிக் குழலுக்குள் பிடித்து அடைத்து, அதன் ரீங்காரத்தைக் காதில் வைத்துக் கேட்கிறான். ரயில் வந்து போகிறது, யாரும் இறங்கவில்லை. திரும்பி நடக்கிறார்கள். அப்போது தண்டவாளத்தின் மறுபக்கத்திலிருந்து ஒரு மௌத் ஆர்கன் சத்தம்.

முதல் மனிதச் செயலே காத்திருப்பது என்றாகிவிடுகிறது. வீட்டில் கைபேசியை இன்னொரு அறையில் வைத்துவிட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள். அதுவரை பெரும்பாலும் நல்லவராகவே நடித்துவந்த ஹென்றி ஃபோண்டா இதில் குழந்தையைச் சுடும் வில்லன். அவருடைய நீலக் கண்களை லியோனே நெருக்கத்தில் காட்டும்போது அன்றைய அமெரிக்க ரசிகர்கள் அதிர்ந்ததில் வியப்பில்லை.

நிஜத்தில் தெருவில் நின்று இப்படிச் சுட்டுக்கொண்டார்களா?

மிக அரிது. 1865 ஜூலையில் மிசோரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் வைல்ட் பில் ஹிக்காக்கும் டேவிஸ் டட்டும் சதுக்கத்தில் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்டது உண்மை. அது போன்றவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. படங்கள் அதிகம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: டாட்ஜ் சிட்டி, டூம்ஸ்டோன் போன்ற ஊர்களுக்குள் துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடவே தடை. 1881 அக்டோபர் 26 அன்று டூம்ஸ்டோனில் நடந்த ஓ.கே. கொரால் சண்டையே அந்தத் தடையை மீறியவர்களிடம் ஆயுதத்தைப் பறிக்கப்போய் வந்ததுதான். சுமார் 30 விநாடியில் முடிந்தது, மூன்று பேர் இறந்தார்கள். அந்த 30 விநாடியை வைத்து எடுத்த படங்களில் ஃபோர்டின் 'மை டார்லிங் கிளெமென்டைன்' (1946) மிக அழகானது. வரலாறாக மட்டும் அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கௌபாய்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள் என்பதும் சினிமா கட்டியதுதான். மாடு ஓட்டும் தொழிலையே மெக்சிகோ வாக்கேரோக்களிடம்தான் கற்றுக்கொண்டார்கள். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களும் ஏராளமாக அந்த வேலையில் இருந்தார்கள்.

பூர்வகுடி மக்களை இழிவாகத்தானே காட்டுகிறார்கள்?

பெரும்பாலும் அப்படித்தான், அதை மழுப்பக் கூடாது. 'ஸ்டேஜ்கோச்'சில் அப்பாச்சிகள் துரத்திவந்து சாவதற்காகவே வருகிறார்கள். 'தி சர்ச்சர்ஸ்'சில் கொமான்ச்சித் தலைவனாக நடித்தவர் ஜெர்மனியில் பிறந்த வெள்ளைக்காரர். 'டான்ஸஸ் வித் உல்வ்ஸ்' (1990) லக்கோட்டா மொழியிலேயே நீளமான காட்சிகளை வைத்து ஏழு ஆஸ்கர் வாங்கியது. அப்போதும் கதை ஒரு வெள்ளை ராணுவ வீரனின் கண் வழியாகவே நடந்தது. என் தேர்வு ஜிம் ஜார்முஷின் 'டெட் மேன்' (1995). பூர்வகுடி நடிகர் கேரி ஃபார்மர் அதில் படித்த, கோபக்கார, வேடிக்கையான முழு மனிதராக வருகிறார். மற்ற படங்கள் அந்த முழுமையைத் தர இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது வருத்தமான விஷயம்.

பெண்களுக்கு இடமுண்டா?

உண்டு, தேடிப் பிடிக்க வேண்டும். ஜோன் கிராஃபோர்டு சலூன் நடத்தும் 'ஜானி கிட்டார்' (1954). அப்பனைக் கொன்றவனைத் தேடிப் போகும் 14 வயதுப் பெண்ணின் 'ட்ரூ கிரிட்' (2010 பதிப்பு). எல்லாவற்றுக்கும் மேலாகக் கெல்லி ரைக்கார்ட்டின் 'மீக்ஸ் கட்ஆஃப்' (2010). 1845-ல் ஒரேகான் போகும் வழியில் தொலைந்துபோன குடும்பங்கள். ஆண்கள் கூடிப் பேசுவது பெண்களுக்கு அரைகுறையாகத்தான் கேட்கும். நமக்கும் அப்படியே.

உங்களுக்கு மிகவும் பிடித்தது?

'அன்ஃபர்கிவன்' (1992). டேவிட் வெப் பீப்பிள்ஸ் 1970-களில் எழுதிய கதையை வாங்கி வைத்துக்கொண்டு, அந்தப் பாத்திரத்துக்கு வயதாகும் வரை ஈஸ்ட்வுட் காத்திருந்தார். வெளியானபோது அவருக்கு 62.

பிக் விஸ்கி என்ற ஊரில் ஒரு பாலியல் தொழிலாளியின் முகத்தை ஒரு மாட்டுக்காரன் கத்தியால் கிழிக்கிறான். ஷெரிஃப் லிட்டில் பில், குற்றவாளிகள் சலூன் முதலாளிக்குக் குதிரைகள் கொடுத்தால் போதும் என்று தீர்ப்பு சொல்கிறான். வெட்டுப்பட்டவளுக்கு ஒன்றுமில்லை. பெண்கள் காசு சேர்த்து 1000 டாலர் பரிசு அறிவிக்கிறார்கள். பழைய கொலைகாரன் வில்லியம் மன்னி, இப்போது மனைவியை இழந்து பன்றி வளர்க்கும் விவசாயி, இரண்டு குழந்தைகளை விட்டுவிட்டுக் கிளம்புகிறான். குதிரையில் ஏற முடியாமல் சரிகிறான். டப்பாவைச் சுட்டுப் பழகப் பார்க்கிறான், ஒன்றும் படவில்லை.

ஜீன் ஹாக்மன் நடித்த லிட்டில் பில்லைக் கவனியுங்கள். ஊருக்குள் துப்பாக்கி கூடாது என்ற சட்டத்தை அமல்படுத்துபவன் அவன். காகிதத்தில் அவன்தான் நாகரிகத்தின் பக்கம். ஓய்வு நேரத்தில் தானே வீடு கட்டுகிறான், கூரை ஒழுகுகிறது. அதே கையால்தான் மனிதர்களைச் சாகும்வரை அடிக்கிறான். சட்டம் வந்துவிட்டது, ஆனால் அது யார் கையில் வந்தது என்று இந்தப் படம் கேட்கிறது.

முதல் கொலை செய்த இளைஞன் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சாராயம் குடித்துக்கொண்டே அழுவான். அதுவரை ஐந்து பேரைக் கொன்றதாகப் பெருமை பேசியவன். ஒரு மனிதனைக் கொன்றால் அவனிடம் இருந்ததும் போய்விடுகிறது, இனி இருந்திருக்கக்கூடியதும் போய்விடுகிறது என்று மன்னி அவனிடம் சொல்கிறான். தொண்ணூறு வருடமாக வெஸ்டர்ன் படங்களில் பொத்துப் பொத்தென்று விழுந்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து அங்கே கணக்கு பார்க்கப்படுகிறது. நான்கு ஆஸ்கர் வாங்கிய இந்தப் படத்தை ஈஸ்ட்வுட் தன் இரண்டு குருமார்களான லியோனேவுக்கும் டான் சீகலுக்கும் அர்ப்பணித்தார்.

தமிழில் கௌபாய் படம் வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972) எல்லாம் தொப்பியும் குதிரையுமாக ஓடியவை. சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' (2010) நகைச்சுவை. கார்த்திக் சுப்பராஜின் 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' (2023) ஈஸ்ட்வுட் மீதான காதலை நேரடியாகவே கதைக்குள் வைத்தது.

ஆனால் நம்மில் பலருக்கு மேற்கு அமெரிக்கா சினிமாவில் அறிமுகமாகவில்லை. சிவகாசியிலிருந்து வந்த முத்து, லயன் காமிக்ஸில்தான் அறிமுகமானது. டெக்ஸ் வில்லர் இத்தாலிக்காரர்கள் படைத்தவர், கேப்டன் டைகர் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தவர், லக்கி லூக் பெல்ஜியத்துப் படைப்பு. டெக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு லியோனே படங்கள் உடனே ஒட்டிக்கொள்ளும்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

'ஷேன்' (1953) பார்க்கலாம். கதையே ஒரு சிறுவனின் கண்ணில்தான் நடக்கிறது. லியோனே, 'தி வைல்ட் பன்ச்' (1969), 'அன்ஃபர்கிவன்' எல்லாம் பெரியவர்களுக்கு மட்டும்.

எந்த வரிசையில் பார்ப்பது?

'ஹை நூன்', 'ரியோ பிராவோ', 'ஷேன்', 'தி சர்ச்சர்ஸ்', 'தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி', 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்'. அப்புறம் ஃபோர்டின் 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' (1962). அதைக் காலவரிசைப்படி முன்னால் பார்க்காமல் இங்கே வைக்கச் சொல்வதற்குக் காரணம், வீரக் கதைகள் எப்படி உருவாகின்றன என்பதையே அது பிரித்துக் காட்டுகிறது. முதலில் கதைகளில் லயித்துவிட்டு வந்தால்தான் அது வலிக்கும். கடைசியாக 'அன்ஃபர்கிவன்'.

எந்த மொழியில் பார்ப்பது?

அமெரிக்கப் படங்களை ஆங்கிலத்தில் சப்டைட்டிலோடு. லியோனே படங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசி நடித்து, எல்லாக் குரலையும் பிறகுதான் சேர்த்தார்கள். ஆங்கிலமும் சரி, இத்தாலியனும் சரி. ஈஸ்ட்வுட்டின் சொந்தக் குரல் வேண்டுமென்றால் ஆங்கிலம்.